எஃப் 3: வெதுப்பி சொல்ல வந்தது என்ன?

தீபாவளிக்கு இன்னும் 11 நாள்கள் இருந்தன. சமையலறை மேசையில் 28 பேரின் ஆர்டர் எழுதிய நோட்டுப் புத்தகம் விரிந்து கிடந்தது. வெதுப்பிக்குள் அன்னாசி தார்ட் இரண்டாவது தட்டு பாதி வெந்திருந்தது. திடீரென்று 'பீப், பீப்' என்று ஓசை. திரையில் இருந்த 180 என்ற எண் மறைந்து, அங்கே 'எஃப் 3' என்று மின்னத் தொடங்கியது. உள்விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, சூடு மட்டும் நின்றுவிட்டது. அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி முடுக்கினால் ஒழுங்காகச் சூடானது. இருபது நிமிடம் கழித்து மீண்டும் எஃப் 3.

ஓவன் என்பதைத்தான் இங்கு வெதுப்பி என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பேச்சில் அது 'அவன்'தான். 'அவன் சரியில்லை' என்று அம்மா தொலைபேசியில் சொல்ல, பெரியம்மா பதறிப்போய் 'எவன்?' என்று கேட்டதும் உண்டு. மொழிக் கழக இதழில் எழுதும்போதாவது இந்தக் குழப்பம் வேண்டாமே!

முதலில் வந்த பழுதுபார்ப்பவர் குறியீட்டைப் பார்த்தவுடன், சென்சார் போய்விட்டது என்றார். புதிய சென்சார் பொருத்தி 160 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதே எஃப் 3. மறுபடியும் வந்தவர், சென்சார் புதியது, ஆகவே போர்டுதான் கெட்டிருக்க வேண்டும் என்று முடிவு சொன்னார். போர்டின் விலை 640 ரிங்கிட்; வந்து சேர ஒரு வாரம் ஆகும். அந்த ஆண்டு ஆர்டர்களில் அம்மாவுக்குக் கிடைக்கக்கூடிய இலாபமே அதைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஒரு வாரம் காத்திருந்தால் அந்த இலாபமும் இல்லை.

அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் அல்லர். 'ஒன்று சென்சார், இல்லையென்றால் போர்டு. சென்சாரை மாற்றியாயிற்று, எனவே போர்டு' என்பது அவருடைய தருக்கம். கேட்பதற்குச் சரியாகத்தான் படுகிறது. அதில் உள்ள ஓட்டை எது என்று தெரிந்துகொள்ள, வெதுப்பி சூட்டை எப்படி அளக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எண்திரை உள்ள வீட்டு வெதுப்பிகளில் பெரும்பாலானவை சூட்டை அளக்கப் பிளாட்டினத்தையே நம்புகின்றன. பின்சுவரின் மேல்பகுதியில் பென்சிலைவிட மெல்லிய உலோகக் குழாய் ஒன்று உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் மிக மெல்லிய பிளாட்டினப் படலம் பொதிந்திருக்கும். இதுவே வெப்ப உணரி, அதாவது சென்சார். சூடு ஏற ஏறப் பிளாட்டினத்தின் மின்தடையும் கூடுகிறது. இந்தப் பண்பை வைத்து வெப்பமானி செய்யலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1871-இல் எடுத்துரைத்தார். 1887-இல் கேலண்டர் என்னும் ஆங்கிலேய இயற்பியலாளர் அதை நம்பத்தக்க துல்லியக் கருவியாக்கிக் காட்டினார். இன்றைய அனைத்துலக வெப்ப அளவுகோலும் கீழே கடுங்குளிர் முதல் மேலே 961 பாகை செல்சியஸ் வரை பிளாட்டினத் தடையையே அளவாகக் கொண்டுள்ளது. அன்னாசி தார்ட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை!

வெதுப்பிகளில் பரவலாகக் காணப்படும் வகைக்குப் பிடி 1000 என்று பெயர். சுழிப் பாகையில் அதன் தடை 1000 ஓம். நம் நாட்டுச் சமையலறையின் 29 பாகையில் ஏறத்தாழ 1113 ஓம். 100 பாகையில் 1385. 180 பாகையில் 1685. 250 பாகையில் 1941. ஒரு பாகை ஏறினால் சுமார் 3.7 முதல் 3.9 ஓம் வரை கூடுகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சில ஐரோப்பிய வெதுப்பிகளில் பிடி 500 இருக்கும். அதற்கு இந்த எண்களைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். மேசைமேல் வைக்கும் சிறிய வெதுப்பிகள் சிலவற்றில் தெர்மிஸ்டர் என்னும் வேறொரு வகை இருக்கும். அதில் பெரும்பாலும் சூடு ஏறினால் தடை குறையும். ஆகவே எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுமுன் எந்த வகை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. குமிழைத் திருகி இயக்கும் பழைய மாதிரிகளுக்கு உணரியும் இல்லை, குறியீடும் இல்லை.

இனிப் போர்டின் பக்கம் வருவோம். ஓமைப் போர்டு நேரடியாக அளப்பதில்லை. அது மின்னழுத்தத்தைத்தான் அளக்கிறது. எடுத்துக்காட்டாக, 5 வோல்ட் அழுத்தத்தை 1000 ஓம் நிலைத்தடை ஒன்றின் வழியாக உணரிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். உணரியும் 1000 ஓமில் இருந்தால் அழுத்தம் சரிபாதியாகப் பிரிந்து, போர்டு 2.5 வோல்ட்டைக் காணும். வெதுப்பி 250 பாகைக்கு ஏறினால் 3.3 வோல்ட்டைக் காணும். எங்கேயாவது கம்பி அறுந்துபோனால்? மின்னோட்டம் செல்ல வழியில்லை. போர்டின் முனையில் முழு 5 வோல்ட்டும் நிற்கும். கம்பிகள் இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால்? சுழி வோல்ட். இந்த இரண்டும் எந்த வெதுப்பியிலும் நடக்க முடியாத வெப்பநிலைகள். அப்படியொரு மதிப்பைக் கண்டதும் போர்டு, 'இதை நான் நம்பமாட்டேன்' என்று சூட்டை நிறுத்திக் குறியீட்டைக் காட்டுகிறது.

அது நிறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தடை சுழியாகிவிட்டதென்று வையுங்கள். போர்டுக்கு அது 'உள்ளே பனிக்கட்டியைவிடக் குளிர்' என்று பொருள்படும். அதை நம்பினால் வெப்பச்சுருளை அணைக்காமல் எரித்துக்கொண்டே இருக்கும். எரிச்சலூட்டும் அந்தப் 'பீப்' ஓசை, வீட்டைக் காக்கும் ஓசையும்கூட.

மேலே சொன்னதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போர்டு பார்ப்பது தன் முனையில் உள்ள இரண்டு ஊசிகளை மட்டுமே. அந்த ஊசிகளுக்கு அப்பால் ஒரு நீண்ட கம்பி, அதன் நடுவில் ஒரு கனெக்டர், பிறகு மீண்டும் கம்பி, கடைசியில்தான் உணரி. இவற்றில் எது அறுந்தாலும் போர்டின் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அமெரிக்காவில் விற்கப்படும் ஜெனரல் எலக்ட்ரிக் வெதுப்பிகள் பலவற்றில் எஃப் 3 என்றால் உணரிச் சுற்று அறுபட்டது, எஃப் 4 என்றால் உணரிச் சுற்று குறுக்கிட்டது. ஃப்ரிஜிடேர் வெதுப்பிகள் பலவற்றில் இவையே எஃப் 30, எஃப் 31 என்று வரும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீட்டு அகராதி இல்லாததால், பக்கத்து வீட்டு வெதுப்பியின் எஃப் 3-க்கும் நம் வீட்டு எஃப் 3-க்கும் ஒரே பொருள் இருக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது. மாடல் எண்ணை வைத்துத்தான் பொருள் தேட வேண்டும். ஆனால், அப்படித் தேடிக் கண்டுபிடித்த பின்பும் 'உணரிச் சுற்று' என்ற தொடரில் 'உணரி' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு, 'சுற்று' என்ற சொல்லை விட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டில் 160 ரிங்கிட் போனது அந்த ஒரு சொல்லை விட்டதால்தான்.

என் மாமா பேராக்கில் செம்பனை ஆலை ஒன்றில் நெடுங்காலம் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கதையைக் கேட்டதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "போர்டுகிட்ட இருந்து அளந்து பாத்தாரா, சென்சார்கிட்ட அளந்தாரா?" இருவருமே அளக்கவில்லை என்பதுதான் உண்மை. நான் மின்பொறியியல் மாணவி. இருந்தும், மல்டிமீட்டரை எடுக்கத் தோன்றவில்லை. திரையில் ஓர் எண் தெரிந்துவிட்டால், அதற்குமேல் அளப்பதற்கு ஒன்றுமில்லை என்ற மயக்கம் எனக்கும் இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் மாமா வந்தார். முதலில் வெதுப்பிக்கென்று சுவரில் இருந்த தனிச் சுவிட்சை அணைத்தார். பிறகு விநியோகப் பெட்டியில் அதற்குரிய பிரேக்கரையும் கீழே இறக்கி, அதன்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, யாரும் தொடாதீர்கள் என்று எழுதினார். ஆலையில் பழகிய பழக்கம். கதவைத் திறந்தால் முன்சட்டத்தில் தெரியும் திருகாணிகளைக் கழற்றி, நாங்கள் இருவரும் வெதுப்பியை அலமாரியிலிருந்து மெல்ல இழுத்து மேசைமேல் வைத்தோம். மின்சாரம் உண்மையிலேயே இல்லை என்று சோதித்த பிறகே பின்தகட்டைத் திறந்தார்.

உணரியின் கம்பி முனையில் நேரடியாக அளந்தால் 1113 ஓம். அறை 29 பாகை, குறையொன்றுமில்லை. பிறகு போர்டில் செருகியிருந்த கனெக்டரைக் கழற்றி, அந்த முனையிலிருந்து அளந்தோம். அங்கே 1161 ஓம். இடையில் 48 ஓம் எங்கிருந்து வந்தது? ஒரு மீட்டர் நீளம்கூட இல்லாத செப்புக் கம்பிக்கு ஓர் ஓம் இருந்தாலே அதிகம். மாமா ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் முடி உலர்த்தியைக் கேட்டு வாங்கினார். பின்சுவரை ஒட்டிக் கிடந்த நடு கனெக்டரின்மேல் மட்டும் சூடான காற்றைக் காட்டினார். மீட்டரில் 1161 என்பது 1190 ஆயிற்று, 1240 ஆயிற்று, பிறகு எண்ணே மறைந்து 'ஓ எல்' என்று வந்தது. எல்லையற்ற தடை, சுற்று அறுந்துவிட்டது. காற்றை நிறுத்தியதும் சற்று நேரத்தில் மீண்டும் 1161.

கனெக்டரைப் பிரித்துப் பார்த்தோம். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறி நொறுங்கும் நிலையில் இருந்தது. போர்டுப் பக்கத்துப் பாதியில் ஊசியைப் பற்ற வேண்டிய தகடு கறுத்துத் தளர்ந்திருந்தது. முன்னர் வந்தவர் புதிய சென்சாரின் பளபளப்பான ஊசியைக் கொண்டுபோய் இந்தக் கறுத்த துளைக்குள்தான் செருகியிருக்கிறார். செருகும்போது ஏற்பட்ட உராய்வில் கரி கொஞ்சம் விலகி, இரண்டு நாள் தொடர்பு கிடைத்திருக்கிறது. 'ஒன்று சென்சார், இல்லையென்றால் போர்டு' என்ற தருக்கத்தில் இருந்த ஓட்டை இதுதான். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருந்தது.

சூடாக இருக்கும்போது மட்டும் குறியீடு வந்து, ஆறிய பின் மறைந்துபோவது இத்தகைய தொடர்புப் பழுதின் வழக்கமான அடையாளம். சூட்டில் உலோகம் விரிகிறது, பிடி தளர்கிறது. ஆறிய நிலையில் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். உணரிகளிலும் இப்படிச் சூட்டில் மட்டும் அறுபடுபவை உண்டு. அதனால்தான் அளக்கும்போது கம்பியை அசைத்தும், ஒவ்வொரு பகுதியாகச் சூடு காட்டியும் பார்க்க வேண்டும்.

அந்த 48 ஓமைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 180 பாகை அளவில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3.7 ஓம் என்றால், 48 ஓம் என்பது 13 பாகை. போர்டு தன் கணக்கில் 180 பாகையைக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே உண்மையில் 167 பாகைதான் இருந்திருக்கிறது. குறியீடு வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அம்மா செய்த வெண்ணெய்க் கேக்குகள் நடுவில் வேகாமல் அமுங்கிப் போயின. அம்மா மாவைக் குறை சொன்னார். பிறகு வெண்ணெயின் பிராண்டை மாற்றினார். நான் முட்டை அடித்தது போதவில்லை என்று எனக்கும் திட்டு விழுந்தது. வெதுப்பி தன் பழுதை எஃப் 3 என்று சொல்வதற்கு வெகுநாள் முன்பே கேக்கின் வாயிலாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஐம்பது ஓம் கூடினால் போர்டுக்கு அது பழுதல்ல. வெறும் 13 பாகை கூடுதல் சூடு. அறவே அறுந்த பிறகுதான் அது பழுது என்று உணர்கிறது. வெதுப்பிக்குள் வைத்துப் பார்க்கும் சிறிய வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்திருந்தால் இதை முன்கூட்டியே கண்டிருக்கலாம்.

பழைய கனெக்டரின் இரண்டு பாதிகளையும் வெட்டி எறிந்துவிட்டு, பீங்கான் கனெக்டர் ஒன்றால் கம்பிகளை இணைத்து, அதைப் பின்சுவரிலிருந்து விலக்கிக் கட்டினார் மாமா. பிளாட்டின உணரிக்கு நேர்முனை எதிர்முனை கிடையாது. எந்தக் கம்பியை எதனுடன் இணைத்தாலும் ஒன்றே. ஆனால், இணைக்கும் முறையில் கவனம் வேண்டும். ஈயப் பற்று வைத்தால் வழக்கமான வெள்ளீய-ஈயக் கலவை 183 பாகையிலேயே உருகும். கறுப்பு ஒட்டுநாடா அதற்கு முன்பே பிசுபிசுத்துக் கழன்றுவிடும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய சாதாரணக் கம்பி 70 பாகைக்கு மேல் தாங்காது. சிலிக்கோன் அல்லது கண்ணாடியிழை உறையிட்ட கம்பிதான் அந்த இடத்துக்கு ஏற்றது. வேலை முடிந்து போர்டு முனையிலிருந்து அளந்தபோது 1114 ஓம். பீங்கான் கனெக்டருக்கு ஆன செலவு ஒரு தே தாரிக்கின் விலையைவிடச் சற்றுக் கூடுதல்.

எல்லாக் குறியீடுகளும் இப்படி நிதானமாக ஆராயத்தக்கவை அல்ல. அளவுக்கு மீறிய சூட்டைக் குறிப்பவை உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் வெதுப்பிகள் பலவற்றில் எஃப் 2, ஃப்ரிஜிடேரில் எஃப் 10 ஆகியவை இவ்வகை. வெப்பச்சுருளுக்கு மின்சாரம் விடும் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அப்போது போர்டு அணை என்று கட்டளையிட்டாலும் சுருள் எரிந்துகொண்டே இருக்கும். வெதுப்பியின் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. சுவர்ச் சுவிட்சை அணைத்து, கதவைத் திறக்காமல் ஆறவிட்டு, பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். மின்சாரத்தை ஒரு நிமிடம் துண்டித்து மறுபடி கொடுத்தால் குறியீடு மறையும் என்பது பலரும் அறிந்த வைத்தியம். ஒருமுறை செய்து பார்ப்பதில் தவறில்லை, மின்தடையால் போர்டு குழம்பியிருக்கவும்கூடும். ஆனால், அளவுமீறிய சூட்டுக் குறியீட்டுக்கு அந்த வைத்தியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது தீயோடு விளையாடுவதாகும்.

பொத்தான் சிக்கிக்கொண்டதாகச் சொல்லும் குறியீடுகளுக்கு நம் சமையலறைகளில் காரணம் எளியது: எண்ணெய்ப் புகையும் ஈரக்காற்றும் சேர்ந்த பிசுக்கு. மின்சாரத்தை அணைத்து, நன்கு பிழிந்த துணியால் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டால் பல வேளைகளில் சரியாகிவிடும். இதைத் தவிர, நம்மூரில் போர்டுக்குள் எறும்பும் பல்லியும் குடியேறுவதும் உண்டு. இதற்கென்று தனிக் குறியீட்டை எந்த நிறுவனமும் வைத்ததாகத் தெரியவில்லை!

குறியீடே காட்டாத பழுதும் இருக்கிறது. வெதுப்பியை முடுக்கியதும் வீட்டுக்கே மின்சாரம் போய்விடும். வெப்பச்சுருளின் உலோக உறைக்குள் மெக்னீசியம் ஆக்சைடு தூள் மின்காப்பாக நிரப்பப்பட்டிருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நெடுநாள் பயன்படுத்தாமல் வைத்திருந்த வெதுப்பியில் ஈரம் ஏறி, மின்சாரம் உறையின் வழியே நிலத்துக்குக் கசியும். விநியோகப் பெட்டியில் உள்ள ஆர்சிசிபி அந்தக் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும். சிங்கப்பூர் வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவே அதற்குப் போதும். வெதுப்பியின் போர்டோ இதை அறியாது; அதன் திரையே அணைந்துவிடுகிறதே! அடிக்கடி விழுகிறதென்று ஆர்சிசிபியை விலக்கிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்வோரை நானே கண்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் அடுத்த கசிவு வெதுப்பியைத் தொடுபவரின் உடல் வழியாகப் போகும். மின்காப்பை அளக்க மல்டிமீட்டர் போதாது. 500 வோல்ட்டில் சோதிக்கும் மெகர் கருவி வேண்டும். அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. சுவருக்குள் செல்லும் வயரிங்கும் அவ்வாறே; உரிமம் பெற்றவரிடமே விடவேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றி ஒரு வரி. மேலே சொன்ன எதையும் அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர் 2000 வோல்ட் அளவுக்கு மின்னூட்டம் ஏற்றுவது. சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அதில் தங்கியிருக்கலாம். அதன் மூடியைத் திறக்கவே கூடாது.

அன்று மதியம் போர்டுக்கான ஆர்டரை அம்மா தொலைபேசியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரவு பதினொரு மணி வரை வெதுப்பி ஓடியது. தார்ட் எல்லாம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சிவந்துவிட, முதல் தட்டின் ஓரங்கள் கருகிப் போயின. ஒரு மாதமாக 167 பாகைக்குப் பழகிவிட்ட அம்மாவின் நேரக்கணக்கு மீண்டும் 180-க்குத் திரும்ப இரண்டு தட்டு தேவைப்பட்டது. வேலை முடிந்து மேசையை ஒழுங்குபடுத்தும்போது, முதல் நாள் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டிருந்த பழைய சென்சார் கண்ணில் பட்டது. எடுத்துத் துடைத்து அளந்து பார்த்தேன். 1112 ஓம்.